வெளிக்கிடுகிற ஆளிடம் கேட்கக் கூடாத கேள்வி

நான் பயந்தவன். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அறிமுகமாகத்தான் சொல்கிறேன். உயரம் பயம். ஊசி பயம். தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பு பயம். எல்லாவற்றுக்கும் மேலே நாய். ஒக்லாந்தில், கிளென் ஈடனில் எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. ஒரு இறாத்தல் பாண் ரொட்டி அளவுதான். அதைக் கண்டால் நான் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவேன். அது நட்பாகத்தான் வாலை ஆட்டுகிறது என்று அதை வளர்க்கிற அம்மா எனக்குப் பலமுறை விளங்கப்படுத்தியிருக்கிறார். ஆட்டுகிற பக்கத்தைப் பற்றி எனக்கும் கவலை இல்லை. மற்றப் பக்கம்தான்.

இப்படிப்பட்ட ஆளுக்கு வேலை கேள்வி கேட்பது. காப்புறுதிக் கம்பனியில் இருக்கிறேன். கூரையால் தண்ணீர் எப்போது இறங்கத் தொடங்கியது, அப்போது வீட்டில் யார் இருந்தது, கதவைக் கடைசியாகப் பூட்டியது யார் என்று முன்பின் தெரியாதவர்களைத் தொலைபேசியில் குடைந்தெடுப்பேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு எண்ணம் உண்டு.

என் மனைவியிடம் மட்டும் ஒரு கேள்வியைப் பல மாதமாகக் கேட்கவில்லை.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அவள் சனிக்கிழமைகளில் விடிய முன்னரே எழும்பினாள். ஃப்ளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றினாள். ஒரு பையைத் தோளில் போட்டாள். "போட்டு வாறன்" என்று படுக்கையறைக் கதவடியில் சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம்தான் திரும்பி வந்தாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து "எங்கை?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. தவறிக் கேட்டுவிட்டால் போகிறவர் திரும்பி உள்ளே வந்து, கதிரையில் கொஞ்சம் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிட வேண்டும். நான் யாழ்ப்பாணம், அவள் மன்னார், இரண்டு பக்கமும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற சனம். என்றாலும் இந்த விசயத்தில் எங்களுக்கும் பக்கத்து வீட்டு இந்துக்களுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஒக்லாந்துக்கு வந்தும் இந்தச் சட்டத்தைத் தவறாமல் கடைப்பிடிக்கிறேன். வேகக் கட்டுப்பாட்டைக் கூட அப்படிக் கடைப்பிடிப்பதில்லை.

கேட்காததால் கவனித்தேன். முதலில் மணம். அவள் திரும்பி வந்து கழற்றி வைத்த சப்பாத்தில் கிருமிநாசினி மணத்தது. ஆஸ்பத்திரி நடைபாதையில் மணக்குமே, அதே மணம்.  முழங்காலில் நீலமாய்க் கண்டல். தலைமயிர் ஈரம். ஆனால் முகத்தில் ஒரு சந்தோசம். அதுதான் எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

பிறகு உடுப்புகள் குறையத் தொடங்கின. முதலில் ஒரு காலுறை. காலுறை ஒன்று தொலைந்தால் வாசிங் மெசின் தின்றுவிட்டது என்று எல்லா வீட்டிலும் தீர்ப்பு எழுதிவிடுவோம். அடுத்தது இரவுச் சட்டை. அடுத்தது பழைய பச்சை ஸ்வெட்டர். ஒரு சனிக்கிழமை யன்னலால் பார்த்தேன். கழுவாத காலுறை ஒன்றைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காற்றுப் போகாமல் அழுத்தி மூடி, காருக்குள் பத்திரமாக வைத்தாள். ஒருவர் வீட்டை விட்டுப் போவதென்றால் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போவார் என்றுதான் நினைத்திருந்தேன். காலுறை காலுறையாகவும் போகலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

ஆக, ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போகிற வருத்தம். அல்லது என்னை விட்டுப் போகிறாள். இரண்டில் எது என்று யோசித்து யோசித்து, எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாதது எது என்று தெரிவுசெய்யப் பார்த்தேன். முடியவில்லை.

பல்கலைக்கழகத்துக்குப் போகிற மகளிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "சனிக்கிழமையிலை அம்மா எங்கை பிள்ளை போறவ?"

தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆஸ்க் ஹெர், டாட்" என்றாள்.

இந்த நிலையில்தான் எங்கள் தேவாலய மண்டபத்தில் தமிழ் ஒன்றுகூடல் வந்தது. அதை நடத்துவது ஒரு மலேசிய அண்ணன். பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை இணையத்தில் தேடித்தேடிப் பார்ப்பவர். அவற்றில் ஒன்று அவரைப் பைத்தியமாக்கியிருந்தது. மேசைக்குப் பின்னால் கோட்டும் டையும் போட்ட மூன்று நாலு பேர். எதிரே பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஒரு சாதாரண மனிதர். அவரிடம் யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு ரகசியம். அதை நிகழ்ச்சி நடத்துகிறவர் காதில் மட்டும் சொல்வார். பார்க்கிற சனத்துக்கு அது எழுத்தில் காட்டப்படும். மேசையில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியாது. ஆமா, இல்லை என்று பதில் வருகிற கேள்விகளாகக் கேட்டு, ஒவ்வொருவரும் தன் மணி அடிக்க முன் கண்டுபிடிக்க வேண்டும்.

"நம்ம ஆளுங்ககிட்ட இல்லாத ரகசியமா லா?" என்றார் அண்ணன். வில்லு மாதிரி ஒரு கழுத்துப்பட்டியும் வாங்கிவிட்டார்.

கேள்வி கேட்பவர்கள் மூன்று பேர். ஒடாஹுஹுவில் டெய்ரி என்கிற மூலைக்கடை வைத்திருக்கும் ஃபிஜிக்காரர். நான்கு தலைமுறைக்கு முன் கப்பலேறிப் போன தமிழை இன்னும் கொஞ்சம் கையில் வைத்திருப்பவர். தகனினியிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்த் தங்கச்சி ஒருவர். மூன்றாவது எங்கள் ஃபாதர். ஃபாதருக்கு அன்று காலையில் காய்ச்சல். நிகழ்ச்சி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், சமோசா வரிசையில் நின்ற என்னை அண்ணன் தோளில் பிடித்தார்.

"அண்ணே, கேள்வி கேக்குறதுதானே உங்க வேலையே! வாங்க லா."

ஃபாதருக்கென்று கொண்டுவந்த கோட்டை மாட்டினார்கள். ஃபாதர் இரண்டு பேர் அளவு. கோட்டுக்குள் நான் எங்கேயோ இருந்தேன்.

முதலில் வந்தவன் வாய் திறந்து கதைக்காத ஒரு மன்னார்ப் பெடியன். நாங்கள் தோற்றுப்போனோம். கடைத்தொகுதி வாசலில் பிரமாண்டமான கிவிப்பழ வேடத்தில் நின்று வருகிறவர்களைக் கட்டிப்பிடிப்பது அவன்தானாம். மண்டபத்தில் பாதிப்பேரை அவன் ஏற்கெனவே கட்டிப்பிடித்திருந்தான். அடுத்தது ஞானோபதேசம் படிப்பிக்கிற அன்ரி. அவருடைய குறட்டையைப் பதிவுசெய்து நித்திரையை ஆராய்கிற ஒரு இடத்தில் பாவிக்கிறார்களாம். அதைத் தங்கச்சி கண்டுபிடித்துவிட்டார். அன்ரியின் புருசன் எழும்பி நின்று கைதட்டினார். இத்தனை வருசம் அதை இலவசமாகக் கேட்ட மனிதர்.

நானும் கோட்டுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆளை அண்ணன் கூப்பிட்டார். பின்னறையில் காத்திருந்துவிட்டுப் படியேறி வந்தது என் மனைவி.

மேசையைப் பார்த்தவுடனே நின்றுவிட்டாள்.

"நீங்களோ? ஃபாதர் எங்கை?"

"ஃபாதருக்குக் காய்ச்சல்" என்றேன், அதற்கு நான்தான் காரணம் என்பது மாதிரி.

அவள் அண்ணனிடம் ஏதோ மெல்லச் சொன்னாள். அவர் கையைத் தட்டி, "ஷோ நிக்கக்கூடாது லா சிஸ்டர்!" என்றார். சனம் கைதட்டியது. அவள் அவர் காதுக்குள் குனிந்தாள். அவர் கண் விரிந்தது. மடிக்கணினியில் எதையோ தட்டினார். எங்களுக்குப் பின்னால் இருந்த திரையில் எழுத்து விழுந்தது. எங்களுக்கு அது தெரியாது. சனத்தின் முகம்தான் தெரியும்.

சனம் திரையை வாசித்தது. பிறகு "ஐயோ" என்று ஒரு பெண்குரல். பிறகு சிரிப்பு, பின் வரிசையிலிருந்து முன்னுக்கு வந்தது. முன்வரிசையில் இருந்த மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். குறட்டை அன்ரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். போடும்போது அவர் பார்த்தது மேடைக்கு வந்த ஆளை அல்ல. என்னை.

 இந்த மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும், சமோசா பொரிக்கிறவருக்கும் கூட, என் மனைவியைப் பற்றித் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியாது.

தங்கச்சி தொடங்கினார். "அக்கா, இது உங்க வேலை சம்பந்தப்பட்டதா?"

"இல்லை." அவள் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறாள்.

"வீட்டுக்கு வெளில நடக்குறதா?"

"ஓம்."

"நீங்க தனியாவா பண்றீங்க?"

அவள் யோசித்தாள். "முதல்லை தனிய. பிறகு தனிய இல்லை."

"ஆமா, இல்லை மட்டும் சொல்லுங்க சிஸ்டர்!" என்றார் அண்ணன்.

தங்கச்சி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, குறும்பாகக் கேட்டார். "உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"இல்லை."

மண்டபம் வெடித்தது. நானும் சிரித்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் முகம் தானாகவே செய்கிற ஒரு காரியம் அது.

மணி அடித்தது. ஃபிஜிக்காரர் டையைச் சரிசெய்தார். "சிஸ்டர், இது நின்னு செய்றதா?"

"இல்லை."

"ஒக்காந்தா?"

"இல்லை."

"அப்ப... படுத்தா?"

"ஓம்."

சனம் கதிரையில் தட்டியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீளமான வெள்ளை மெசினுக்குள் அவளைப் படுக்க வைத்து மெல்ல உள்ளே தள்ளுவது கண்ணுக்குள் வந்தது. சப்பாத்தில் அந்த மணம். ஃபிஜிக்காரர் விடவில்லை.

"அங்க ஆம்பள யாராச்சும் உண்டா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் சிரிப்பை அடக்கமாட்டாமல் தலையாட்டினார். "ஓம்" என்றாள்.

"உங்களப் பாத்தா அவன் ஓடி வருவானா?"

"ஓம்."

ஃபிஜிக்காரர் வேறு கேள்வி கேட்கவில்லை. கையை என் தோளில் வைத்து, "பிரதர், ஐ ஆம் வெரி சாரி" என்றார். அவருக்குப் பகிடி. நான் அந்த ஓடி வருகிறவனுக்கு முகம் தேடிக்கொண்டிருந்தேன். டாக்டர்கள் ஓடி வருவார்களா? நிலைமை மோசமென்றால் ஓடி வருவார்கள்தானே?

மணி அடித்தது. என் முறை.

அண்ணன் ஒலிவாங்கியை நீட்டினார்.  வேலையில் நான் கேட்கிற கேள்விகளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. சின்னதிலிருந்து பெரியதுக்குப் போக வேண்டும், எதிரே இருப்பவரைப் பயப்படுத்தக் கூடாது. அது எல்லாம் எங்கே போனதோ தெரியாது.

"நீர்... ஆஸ்பத்திரிக்கோ போறனீர்?"

சிரித்துக்கொண்டிருந்த சனம் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தது. மகள் வாயிலிருந்து கையை எடுத்தாள். மனைவி என்னை உற்றுப் பார்த்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையாகப் பின்னுக்குப் போய் அவள் நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"இல்லை" என்றாள். "இல்லையப்பா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணனும் வாயைத் திறந்தார். ஆனால் பயந்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம், பாதியில் நிற்க மாட்டான்.

"வீட்டை விட்டுப் போறீரோ?"

 குசினிப் பக்கம் எண்ணெய் சீறுவது கேட்டது.  ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில் அவளிடம் ஏதோ இருந்தது போல. கடைசியில் ஒலிவாங்கி இல்லாமலே சொன்னாள்:

"சனிக்கிழமையிலை மட்டும்."

"திரும்பி வருவீரோ?"

"ஓம்."

மணி அடித்தது. கண்டுபிடித்தீர்களா என்று அண்ணன் கேட்டார். இல்லை என்றேன். உண்மையில் எனக்கு வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. ரகசியம் என்ன என்பதைக் கேட்கவே மறந்துபோனேன்.

திரையைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார்கள். பெரிய எழுத்தில் இருந்தது: "நான் சனிக்கிழமைகளில் காட்டில் தொலைந்துபோகிறேன். நாய்கள் என்னைக் கண்டுபிடிக்கும்."

நாய்கள். பன்மையில்.

வைட்டாகரே மலைக்காட்டில் வழிதவறிப் போகிறவர்களை மோப்பம் பிடித்துத் தேட நாய்களைப் பழக்குகிறார்களாம். பழக்குவதற்கு யாராவது தொலைய வேண்டுமே. அதற்குத் தொண்டர்கள் வேண்டும். அவளோடு வேலை செய்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். காட்டுக்குள் நடந்து போய், இலை விரித்த பன்னச்செடிக்குக் கீழே அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டும். மணம் பிடிக்க அவள் போட்ட உடுப்பு ஒன்றை நாய்க்குக் கொடுப்பார்கள். காலுறை, இரவுச் சட்டை, பச்சை ஸ்வெட்டர். கவுரி என்கிற பெரிய காட்டு மரங்களுக்கு நோய் தொற்றாமல் காட்டு வாசலில் சப்பாத்தைத் தேய்த்துக் கிருமிநாசினி அடித்துக்கொண்டுதான் போகவர வேண்டும். அந்த ஓடி வருகிற ஆம்பிளைக்கு நாலு கால்.

சனம் எழும்பி நின்று கைதட்டியது. நான் எழும்பவில்லை. மரியாதைக் குறைவு இல்லை, அந்தப் பன்மையை இன்னொரு முறை வாசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போகும்போது அவள்தான் கார் ஓட்டினாள். மகள் பின்னால் இருந்தாள்.

"ஆஸ்பத்திரி எண்டோ நினைச்சுக்கொண்டிருந்தனீங்கள்?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"முதல் முதல் சப்பாத்து மணத்ததிலை இருந்து."

 அடுத்த சிக்னல் சிவப்பில் நின்றபோது சொன்னாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"வெளிக்கிடேக்கை கேக்கக் கூடாதெல்லோ."

"வெளிக்கிடேக்கை கேக்கக் கூடாது. திரும்பி வந்தாப் பிறகு கேக்கலாம்தானே?"

பின்னாலிருந்து மகள், "ஓ மை காட், டாட்" என்றாள்.

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடிக்கும் வரை எங்கள் கார் நகரவில்லை. அந்தச் சட்டத்தை இத்தனை வருசம் எழுத்துப் பிசகாமல் காத்து வந்தவன் நான். அது கதவோடு முடிகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நீரும் சொல்லேல்லையே" என்றேன், கொஞ்சம் மானத்தை மீட்கலாம் என்று.

"சொன்னால் விட்டிருப்பியளோ? காடு, நாய். இரவிரவாய் நித்திரை கொள்ளாமல் என்னையும் கொள்ள விட்டிருக்க மாட்டியள். சனத்துக்கு முன்னாலை எழுத்திலை காட்டினால் மறிக்க மாட்டியள் எண்டுதான் இண்டைக்கு ஏறினனான்." பிறகு குரல் இறங்கியது. "இல்லத்திலை நாள் முழுக்க நான்தான் ஆக்களைத் தேடி ஓடுறன். இவருக்கு மருந்து, அவவைக் காணேல்லை, பாத்ரூமிலை ஆர். வீட்டை வந்தால் உங்கடை கண்ணாடியைத் தேடவேணும். அங்கை நான் சும்மா கிடப்பன். என்னை ஒரு ஆள் தேடும். கண்ட உடனை அது துள்ளுற துள்ளல் இருக்கே... என்னைக் கண்டு ஒருத்தரும் அப்பிடித் துள்ளினதில்லை."

"இனிக் கண்ணாடியை நானே தேடுறன்" என்றேன். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அதுதான். அவள் சிரித்தாள், முழுதாக இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் பையைத் தோளில் போட்டபோது நான் உடுத்துக்கொண்டு கூடத்தில் நின்றேன். "போட்டு வாறன்" என்றாள்.

"எங்கை போறீர்?"

கையில் கார்த் திறப்போடு அப்படியே நின்றாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பையை இறக்கி வைத்துவிட்டுக் குசினிக்குள் வந்து கதிரையில் இருந்தாள். நான் தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன். ஒரு வாய்தான் குடிக்க வேண்டும். அவள் அவசரப்படாமல் முழுக் கிளாசையும் குடித்தாள்.

"காட்டுக்கு" என்றாள்.

"நானும் வரட்டோ?"

"நாய் நிக்கும்."

"தெரியும்."

காட்டு வாசலில் காரை விட்டு இறங்க மாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டேன். கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிக்கொண்டு இருந்தேன். அவள் சப்பாத்தைத் தேய்த்தாள், எனக்குக் கையைக் காட்டினாள், தனியே பாதையில் இறங்கிப் போனாள். மழைக்கோட்டின் நீலம் மரங்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

பழக்குகிறவர்கள் அவசரமில்லாமல் ஆறுதலாகக் கோப்பி குடித்தார்கள். அவள் ஒளிந்துகொள்ள நேரம் கொடுக்கிறார்களாம். மழை தூறத் தொடங்கியது. பிறகு தங்கள் வான் வண்டியின் பின்கதவைத் திறந்து ஒரு நாயை இறக்கினார்கள். கன்றுக்குட்டி அளவு. பிளாஸ்டிக் பையைத் திறந்து அதன் மூக்கடியில் பிடித்தார்கள். உள்ளே அந்தக் காலுறை. வீட்டில் நான் துக்கம் காத்த காலுறை. நாய் ஒருமுறை மூச்செடுத்துவிட்டுக் காட்டுக்குள் போனது.

சத்தம் இல்லை. விளையாட்டுத்தான், அவள் எங்கே படுத்திருக்கிறாள் என்று பழக்குகிறவர்களுக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காடு முன்னைவிடப் பெரிதாக இருந்தது. நாய் வேறு பக்கம் போயிருந்தால்? அவள் கால் சறுக்கி வேறெங்கோ கிடந்தால்? என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாய் குரைக்க வேண்டும் என்று செபித்தேன். எப்போது கதவைத் திறந்தேன், எப்போது இறங்கினேன் என்று தெரியாது. பார்த்தால் மழையில் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

குரைத்தது. தூரத்தில், விடாமல்.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள், தலையில் பன்ன இலையோடு. பக்கத்தில் அந்த நாய் துள்ளித் துள்ளி வந்தது. அவள் சொன்னது சரிதான், அப்படி ஒரு துள்ளலை நானும் கண்டதில்லை. மழையில் நிற்கிற என்னை அவள் கண்டாள். நாயும் கண்டது. எனக்கும் ஒரு வரவேற்புக் கொடுக்கலாம் என்று அது நினைத்திருக்க வேண்டும். நான் காருக்குள் பாய்ந்த வேகத்தில் என் கோட்டின் முனை கதவில் அகப்பட்டுக் கிழிந்தது. இப்போதும் கிழிந்தபடிதான் போடுகிறேன்.

அவள் ஏறி இருந்து சீற்பெல்ற்றைப் போட்டாள். மழைக்கோட்டு முழுக்க நாய் மயிர்.  காரைத் திருப்பினேன்.

"எங்கை போட்டு வாறீர்?" என்றேன்.

"முதல்லை ஒரு விழுந்த மரம் வந்தது" என்று தொடங்கினாள். "அதிலை ஏறித்தான் அங்காலை போகவேணும்..."

கிளென் ஈடன் வரும்போது கதையில் அவள் இன்னும் அந்த மரத்திலிருந்து இறங்கவில்லை. நான் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே விட்டேன்.